வந்து போன பொட்டு

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஐயரம்மா என் விமர்சனத்தை வாசித்துக்கொண்டிருந்தார். சத்தமாக.

அவருக்கு மனதுக்குள் வாசிக்கிற பழக்கம் கிடையாது. எங்கள் சபைப் போதகரை ஐயர் என்போம்; அவர் மனைவி ஐயரம்மா. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிற அதே குரல்தான். வாக்கியம் முடிகிற இடத்தில் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, பிறகு அடுத்த வாக்கியம்.

“‘இப்படத்தின் நாயகியின் நெற்றிப் பொட்டு ஒரு காட்சியில் தோன்றி மறு காட்சியில் மறைகிறது. உழைக்கும் பெண்ணின் அடையாளம் அழிக்கப்படுவதையும், அதை அவள் மீண்டும் மீண்டும் மீட்டெடுப்பதையும் இது குறியீடாக உணர்த்துகிறது.’”

பக்கத்தில் என் அம்மா. சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே கேட்டாள்.

“இது யாரப் பத்தி எழுதியிருக்கு, ஐயரம்மா?”

“ஒன்னப் பத்திதான் போலிருக்கு, எஸ்தர்.”

“நான் எதையும் மீட்கலியே.”

நான் கதவோரமாக, புரொஜெக்டர் வயரைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். தாளின் அடியில் என் பெயர் அச்சாகியிருந்தது. அம்மா தனியாக வருவாள் என்று நினைத்திருந்தேன். சபையில் யார் கண்ணிலும் இந்தப் படம் படக் கூடாது என்று நாலு மாதமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருக்க, அவள் ஐயரம்மாவையே கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் சித்தூர்க் கல்லூரி விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தச் சாம்பாரை விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் முறை. ஆனால் நான் விமர்சனம் எழுதிய ஒரே படத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் வேலை பார்த்தவனும் நான்தான்.

முதல் வாக்கியம் குறையாக இருக்க வேண்டும்

பாலக்காட்டுப் பக்கம் நூலகத்தை வாயனசாலை என்பார்கள். சித்தூரிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில், தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் நடுவே அப்படி ஒரு வாயனசாலை. கீழே புத்தகங்கள், மாடியில் அறுபது நாற்காலி போடக்கூடிய ஒரு ஹால். மாதம் ஒரு முறை அங்கே குறும்படம் போடுவார்கள்.

அதை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஊரில் எல்லாருக்கும் அவர் மாஷ். கட்சிக் கூட்டங்களில் பாதி வயதைக் கழித்தவர். அங்கிருந்து ஒரு வழக்கத்தை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்: சுயவிமர்சனம். படம் எடுத்தவர்களில் இயக்குநர் அல்லாத ஒருவர், தம் படத்தைத் தாமே விமர்சிக்க வேண்டும். முதலில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அச்சடித்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். படம் முடிந்ததும் அவரே எழுந்து பேச வேண்டும். பேச்சின் முதல் வாக்கியம் ஒரு குறையாக இருக்க வேண்டும். பாராட்டில் தொடங்கினால் மாஷ் கையைத் தட்டி உட்கார வைத்துவிடுவார்.

எங்கள் படத்துக்கு அந்த ஒருவர் நான்.

வளைவில் இறங்கிக்கொண்ட நாயகி

படத்தின் பெயர் ‘ஒன்பதாவது ஆள்’. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் இடமில்லை என்று வள்ளி என்ற பெண்ணை விட்டுவிட்டுப் போகிறார்கள். அவள் குறுக்குப் பாதையில் மலையேறி, ஜீப்புக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்கிறாள். மொத்தம் பதினோரு நிமிடம். கதை அவ்வளவுதான்.

எழுதி இயக்கியவன் செந்தில். கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரன். சித்தூருக்குக் கிழக்கே அவர்களுக்கு நெல்வயலும் தோப்பும் உண்டு. நான் போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம், ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்தவன். லயம் என்றால் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். நான் சொன்ன தோட்டத்துக் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவனுக்கு இந்தப் படம் தோன்றியது.

எனக்கு இரண்டு வேலை. வசனத்தை எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு மாற்றுவது ஒன்று. மற்றொன்று கண்டினியூட்டி. ஒரு காட்சியில் சேலை முந்தானை எப்படி இருந்ததோ அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து, குறிப்பேட்டில் எழுதி வைக்கிற வேலை.

வள்ளியாக நடிக்கக் கோயமுத்தூரிலிருந்து ஒரு நாடகக்கார அக்காவைச் செந்தில் பேசி வைத்திருந்தான். போடியிலிருந்து மலை ஏறும்போது நாலாவது கொண்டை ஊசி வளைவில் அவர் வாந்தி எடுக்கத் தொடங்கினார். ஏழாவது வளைவில், “தம்பி, என்னை எறக்கி விட்டுருங்க, நான் ஊருக்கே போறேன்” என்றார். இறங்கியும் விட்டார். எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறிப் போனார். எங்களிடம் மிஞ்சியது அவருக்காக வாங்கிய ஒரு பச்சைச் சேலையும், ஒரு அட்டை மெரூன் நிற ஒட்டுப் பொட்டும்.

கேமரா இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தது. எங்கள் லயத்து வீட்டு வாசலில் செந்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அம்மா அவனுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, “என்ன தம்பி, ஆளு கெடைக்கலியா?” என்றாள்.

செந்தில் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான்.

“அம்மா, நீங்க மேட்டுல வெரசா நடப்பீங்களா?”

“நடக்காம? பறந்தா வேலைக்குப் போறேன்?”

ஒட்டுப் பொட்டு

அங்கேதான் சிக்கல் வந்தது. எங்கள் சபைப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. அப்பாவின் பக்கம் அம்மாவின் பக்கம் இரண்டும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள். வரும்போதே அந்த வழக்கத்தோடு வந்தவர்கள். அம்மாவின் நெற்றியில் நான் ஒரு புள்ளியைக் கூடப் பார்த்ததில்லை.

“பொட்டு இல்லாம எடுத்துக்கலாம்டா,” என்றேன்.

“எப்பட்றா முடியும்? மொத ஷாட்டே அதுதானடா?”

அது உண்மை. சுவர்க்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பொட்டு, ஒரு கை வந்து அதை எடுக்கிறது, நெற்றியில் வைக்கிறது. அந்தத் துண்டை முந்தின வாரமே அவன் வீட்டில் எடுத்து முடித்திருந்தோம். கையும் நெற்றியும் அவன் தங்கையுடையவை; முகம் தெரியாது. அந்தப் பொட்டு வள்ளியின் நெற்றியில் இருந்தாக வேண்டும்.

செந்தில் அம்மாவிடம் போய்க் குனிந்து நின்றான். “அம்மா, ஒரே ஒரு பொட்டுங். ரெண்டே நாளுங். மனசுக்கு ஒப்பலீன்னா வேண்டாமுங்.”

அம்மா அந்த அட்டையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

நான் அவசரமாகச் சொன்னேன். “சபையில யாருக்கும் தெரியாதும்மா. நான் பாத்துக்கிடுதேன்.”

“ம்,” என்றாள் அம்மா. அந்த ‘ம்’மை, ‘யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்’ என்று நான் எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றிப் பிறகு.

பாட்டு எடுத்துக் கொடுப்பவள்

ஒரு பொட்டுக்கு இவ்வளவு பயமா என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. இரண்டு குடும்பத்திலும் புத்தகப் பையோடு வெளியே போன முதல் ஆள் நான். ஆனால் எங்கள் கோயிலில் (சர்ச்சை அப்படித்தான் சொல்வோம்) பாட்டு எடுத்துக் கொடுப்பது அம்மாதான். ஐயர் பாட்டின் எண்ணைச் சொன்னதும் எல்லாரும் புத்தகத்தைப் புரட்டுவார்கள். அவர்கள் பக்கத்தைக் கண்டுபிடிக்கும் முன்னே அம்மா முதல் அடியைத் தொடங்கியிருப்பாள். அத்தனையும் மனப்பாடம். வாரத்தில் ஆறு நாள் குனிந்து காய் எடுக்கிறவளுக்கு, ஏழாவது நாள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்து நிற்கிற அந்த இடம் இருந்தது. அது ஒன்றுதான் அவளுக்கு இருந்த பதவி.

நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது ஹாஸ்டலிலிருந்து ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். தங்கை, பள்ளிக்கூடத் தோழி கொடுத்த பொட்டை வைத்துக்கொண்டே கோயிலுக்கு வந்துவிட்டாள். வாசலில் நின்ற பழைய உபதேசியார் (ஐயருக்கு அடுத்தபடி சபையைப் பார்ப்பவர்), “அதை அழிச்சிட்டு உள்ள வா” என்றார். எல்லார் முன்னாலும். அம்மா தங்கையின் கையைப் பிடித்துத் திரும்பி நடந்தாள். நானும் லயத்து வாசல் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

அந்த நடைதான் எனக்கு நினைவில் இருந்தது. தங்கைக்கே அப்படியென்றால், பாட்டு எடுக்கிறவளின் நெற்றியில் பொட்டு என்று தெரிந்தால் அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பார்கள்? என் படத்துக்காக அவளுடைய ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இதுதான் நாலு மாதமாக என் நெஞ்சில் கிடந்தது.

குறிப்பேட்டில் இல்லாத வரி

படப்பிடிப்பு இரண்டு நாளும் மழை வருவதும் விடுவதுமாக இருந்தது. அட்டைக்கடிக்கு மூக்குப்பொடி தடவிக்கொண்டு செந்தில் கேமராவோடு சரிவில் ஏறினான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவே அம்மா ஒரு ஏலச்செடி மறைவில் போய் உட்கார்ந்துகொள்வாள். கூப்பிட்டால் வருவாள், நடப்பாள்.

நான் ஒழுங்காக எழுதினேன். “தலைத்துண்டு பச்சை, முடிச்சு பின்புறம். வலது காலில் சேறு, கணுக்கால் வரை. தூக்குவாளி இடது கை.” பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சரக்கு இருப்பு எழுதுகிறவன் நான். எழுதுவதில் குறை வைக்க மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்துச் செந்தில் வீட்டு மாடியறையில் எடிட்டிங். கம்ப்யூட்டர் முன்னால் அவன், பின்னால் நான். திடீரென்று அவன் படத்தை நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். முன்னால் ஓட்டினான்.

“என்றா ஜெபா இது?”

ஜீப் நிற்கும் காட்சியில் பொட்டு இல்லை. ஓடையைத் தாண்டும்போது உண்டு. ஏற்றத்தில் இல்லை. பாறை மேல் உண்டு. உச்சியில் மறுபடியும் இல்லை.

குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். பதினெட்டுப் பக்கம். நெற்றியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

எனக்கு உடனே புரிந்தது. பொட்டு இல்லாத ஷாட்டில் அம்மா எனக்கு எப்போதும் போல இருந்தாள். அதில் ஏதோ குறைகிறது என்று தோன்றவே இல்லை. பொட்டு இருந்த ஷாட்டில் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. காலையும் தூக்குவாளியையும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். செந்திலோ முதல் நாள் பொட்டைப் பார்த்ததோடு சரி. தலைத்துண்டு பாதி நெற்றி வரைக்கும் இறங்கியிருந்ததாலும் மழையாலும் அவனுக்கும் கேமராவின் சின்னத் திரையில் தெரியவில்லை.

மறுபடி எடுக்க வழி இல்லை. கேமரா போய்விட்டது, மலையில் மழை பிடித்துக்கொண்டது.

“உடுறா, யாரு பாக்கப் போறா,” என்றான் செந்தில்.

எனக்குப் படம் பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் அம்மா பொட்டைப் பிய்த்து எடுத்திருக்கிறாள். ஏலச்செடி மறைவில் உட்கார்ந்து என்ன நினைத்திருப்பாள்? மகன் கேட்டானே என்று வைத்துக்கொண்டு, கர்த்தர் பார்க்கிறாரே என்று எடுத்திருக்கிறாள். இப்படி நினைத்து நினைத்து நான் சாப்பிடாமல் இருந்த நாள் கூட உண்டு.

மாஷ் கண்ட குறியீடு

படத்தை முதலில் பார்த்தவர் மாஷ். பார்த்து முடித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“ஆ பொட்டு!” என்றார். “வருந்நு, போகுந்நு. ஒரு ஸ்திரீயுடெ ஜீவிதம் முழுவன் அதில் உண்டு, கேட்டோ.”

செந்தில் மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினான். “அப்படியே எழுதிருடா. பெரிய மனுசன் அவரே சொல்றாருல்ல.”

எழுதினேன். நான் தமிழ் இலக்கியம் படித்தவன். குறியீடு, படிமம் எல்லாம் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். பேனா தானாக ஓடியது. படித்துப் பார்த்தபோது எனக்கே உண்மை போல இருந்தது.

அச்சில் வந்தால் அது உண்மை என்று நம்புகிற வீட்டில் வளர்ந்தேன். சாமான் கட்டி வந்த பேப்பரைக் கூட அம்மா மடித்து என்னிடம் நீட்டி, “என்ன போட்டிருக்கு?” என்பாள். அப்படிப்பட்டவளைப் பற்றி நான் அச்சில் சொன்ன முதல் விஷயம் பொய். அந்தப் பொய்யைத்தான் ஐயரம்மா மூன்றாவது வரிசையில் நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரிசை

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டார்கள். பொது விடுமுறை நாள், மதியம். மாடி வெந்தது. படம் ஓடியது.

நான் திரையைப் பார்க்கவில்லை. ஐயரம்மாவின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் வெளிச்சம் அதில் மாறி மாறி விழுந்தது. பொட்டு வந்தபோது அவர் அம்மா பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். அவள் கொஞ்சம் முன்னால் குனிந்து, முட்டியில் கை வைத்து, திரையை விட்டுக் கண் எடுக்காமல் இருந்தாள்.

விளக்குப் போட்டார்கள். கைதட்டினார்கள். மாஷ் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

மேடைக்கு நடக்கிற பத்து எட்டில் முடிவு செய்தேன். ஐயரம்மா எப்படியும் பார்த்தாகிவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. குற்றம் யாருடையது என்றாவது எல்லாருக்கும் சரியாகத் தெரியட்டும்.

“இந்தப் படத்தின் முதல் குறை நான்,” என்றேன்.

மாஷ் தலையாட்டினார், இப்படித் தொடங்குகிறவர்களை நிறையப் பார்த்தவர் போல.

“உங்கள் கையிலிருக்கிற தாளில் பொட்டைப் பற்றி எழுதியிருப்பது பொய். அது குறியீடு இல்லை. கவனித்து எழுதி வைப்பது என் வேலை. நான் கவனிக்கவில்லை.” மூன்றாவது வரிசையைக் கை காட்டினேன். “நடித்தது என் அம்மா. எங்கள் சபையில் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை. எனக்காக வைத்தாள். ஆனால் அவள் மனசாட்சி ஒப்பவில்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவையும்…”

“மனசாட்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

மூன்றாவது வரிசை. அம்மா எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே, தோட்டத்தில் அடுத்த சரிவுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

“அரிச்சுதுல! அந்தப் பசை. வேர்வையும் மழையும் சேந்து நெத்தி பூரா ஊரலெடுத்துப் போச்சு.”

பின் வரிசையில் ஒரு மலையாளப் பெண் பக்கத்தவளிடம், “எந்தா பறஞ்ஞே?” என்று கேட்டாள். “சொறிஞ்ஞூத்ரே!” என்று பதில் வந்தது. அவ்வளவுதான், மாடியே அதிர்ந்தது.

மாஷ் மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு கேட்டார். “அம்மே, எடுத்திட்டு எவிடே வச்சு?”

“தூக்குவாளி மூடியில ஒட்டி வச்சேன். கூப்பிட்டா எடுத்து ஒட்டுவேன். சில நேரம் மறந்து போச்சு. இவன் நோட்டும் கையுமா எதுத்தாப்புலதான் நின்னான். ஒண்ணும் சொல்லல. சரி, வேண்டாம் போலிருக்குன்னு இருந்துட்டேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறிப்பேட்டில் ஏற்றக் காட்சிக்கு நேரே, என் கையெழுத்தில், ஒரு வரி உண்டு: “தூக்குவாளி மூடியில் சிவப்புப் புள்ளி.” எங்கே போயிருந்தது என்று பதினெட்டுப் பக்கத்தில் நாங்கள் தேடிய பொட்டை, நானே எழுதி வைத்திருந்தேன்.

மாஷ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “சகாக்களே, எனிக்கும் ஒரு சுயவிமர்சனம் உண்டு. ஞான் பொட்டு கண்டு. தூக்குவாளி கண்டில்ல.”

கட்டஞ்சாயா

கீழே புத்தக அலமாரிகளுக்கு நடுவே கட்டஞ்சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் கொடுத்தார்கள். செந்தில் என் முதுகில் ஒரு குத்து விட்டான். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமல்லடா,” என்றான். ஆனால் அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

எனக்குச் சிரிப்பு பாதிதான் வந்தது. மீதி ஐயரம்மாவிடம் மாட்டியிருந்தது. அவர் பழம்பொரியை ஊதிக்கொண்டிருந்தார்.

“ஐயரம்மா… சபையில இதப் பத்தி…”

“எதப் பத்தி?”

“பொட்டு.”

“அடப் பாவி. நாலு மாசமா தெரிஞ்ச கதையல்லாலே அது? உங்கம்மா அன்னைக்குச் சாயங்காலமே பெண்கள் சங்கக் கூட்டத்துல சொல்லிட்டாளே. நெத்தியில தடிப்பு இருந்துது, என்னன்னு கேட்டோம். ‘வள்ளியா நடிச்சேன்’னா. ‘முருகன் எங்கக்கா?’ன்னு இந்தப் பொம்பளைக ஒரு வாரம் கேலி பண்ணித் தீத்துட்டாளுக. தேங்காண்ணெய் தடவி விட்டதே நாந்தான்.”

“ஐயர் ஒண்ணும் சொல்லலியா?”

“அவரு என்னத்தச் சொல்லுவாரு? கிறிஸ்மஸ் நாடகத்துல ஏரோது ராசாவா நடிச்சவரு. நாந்தான் மீசையப் பெருசா வரைஞ்சு விட்டேன். அழியாத மையி. மறுநாள் ஆராதனைக்கு ஏரோதாவே போயி நின்னாரு.”

நான் அம்மாவைப் பார்த்தேன். “அப்ப அன்னைக்கு, தங்கச்சிய உபதேசியார் வெளிய நிப்பாட்டினாரே…”

“அதுக்கென்ன? நான் மூணு வாரம் கோயிலுக்குப் போகல. பாட்டு எடுக்க ஆளில்லாம ஆளுக்கொரு ராகமாப் பாடியிருக்காக. நாலாவது வாரம் அந்தாளே லயத்துக்கு வந்து, ‘புள்ளையயும் கூட்டிட்டு வா’ன்னு கூப்பிட்டாரு.”

“எனக்குத் தெரியாதேம்மா.”

“நீ ஹாஸ்டலுக்குப் போயிட்ட,” என்றாள் சாதாரணமாக.

அந்த ஒரு வாக்கியம் மட்டும் கொஞ்சம் குத்தியது. மற்றபடி நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. இரண்டு பழம்பொரி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மாவட்டக் குறும்பட விழாவுக்கு அனுப்ப எங்கள் படம் தேர்வாகவில்லை. ஜீப் சத்தத்தில் வசனம் கேட்கவில்லை என்றார்கள். பொட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில்

பொள்ளாச்சியில் ஐயரம்மாவின் தங்கை வீடு. அங்கே தங்கிவிட்டு மறுநாள் பழனி, தேனி வழியாக ஊருக்கு. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் நின்றோம். ஐயரம்மா ஒரு கடையில் நேந்திரம் சிப்ஸ் எடை போடச் சொல்லி, தராசின் முள்ளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“ஏல ஜெபா, பேப்பர்லயும் நெத்தி, பேச்சுலயும் நெத்தி. வேற ஒண்ணும் தெரியலியா ஒனக்கு?”

“வேற என்னம்மா?”

“நான் நடக்கத இன்னைக்குத்தான் பாக்கேன். பின்னால இருந்து. என்னமா ஏறுதேன்!”

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. ஹாலில் முட்டியில் கை வைத்துக் குனிந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

“எங்கனயாவது நின்னேனா?”

“நிக்கலம்மா.”

“அந்த வழுக்குப் பாறையில?”

“அங்கயும் நிக்கல.”

“கையில வாளி வேற. ஒரு சொட்டுக் கஞ்சி சிந்துச்சா?”

“சிந்தலம்மா.”

பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. ஐயரம்மா சிப்ஸ் பொட்டலத்தோடு ஓடி வந்தார். அம்மா படியில் ஒரு காலை வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

“பெறவு, அதச் சொல்லாம என்னத்தல விமர்சனம் பண்ணின?”